ஒரு சதவீதம் கேட்டால் ஒரு சால்வை

திருநங்கைக் கவிஞரை மேடையேற்றுவது இப்போது இலக்கிய நாகரிகம். மகளிர் தினத்துக்கு ஒருவர், புத்தகத் திருவிழாவுக்கு ஒருவர், ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு எத்தனை பேர் கிடைத்தாலும் சரி. சாகித்திய அகாதமிகூட 2018 ஜூலையில் கொல்கத்தாவில் திருநர் கவிஞர்களுக்கென்று ஒரு சந்திப்பு நடத்திவிட்டது. அகாதமி தொடங்கியது 1954இல். 64 வருடத்தில் கண்ணில் பட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் இது வேகம்தான்.

அவர்களுக்குப் போகும் அழைப்புக் கடிதங்களில் நாள், நேரம், இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எதை எழுதாமல் விடுகிறார்களோ அதுதான் விழா. அதையும் மனம்விட்டு எழுதும் நேர்மை ஏதாவது ஒரு விழாக் குழுவுக்கு வந்தால் கடிதம் இப்படித்தான் இருக்கும்:

பேரன்புச் சகோதரிக்கு,

வணக்கம். எங்கள் பெருவிழாவின் ‘விளிம்பின் குரல்கள்’ அமர்வில் கவிதை வாசிக்கத் தாங்கள் இசைந்தது எங்கள் பாக்கியம். அமர்வு மாலை ஐந்து மணிக்கு. மாண்புமிகு விருந்தினர் ஏழு மணிக்கு வருவார். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, ஒன்பது பேரின் வாழ்த்துரை எல்லாம் முடிந்ததும் தங்களுக்கு நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் மணி அடிப்போம்.

தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற உரிமையில் சில வேண்டுகோள்கள்.

ஒன்று. கவிதை கண்ணீரை வரவழைக்க வேண்டும். முன்வரிசைக்காரர்கள் அதற்காகவே கைக்குட்டையோடு வருகிறார்கள். அக்காவின் பாவாடை, அப்பாவின் பெல்ட், கண்ணாடி முன்னால் வைத்த பொட்டு, வீட்டைவிட்டு ஓடிய ராத்திரி ரயில் எல்லாம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அழுகை யாரையும் கைகாட்டக் கூடாது. ‘அடிக்கப்பட்டேன்’ என்று எழுதுங்கள். ‘அடித்தார்’ என்று எழுதாதீர்கள். செயப்பாட்டு வினையில் செய்தவன் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. விழாவுக்கு அது பாதுகாப்பு. வரவேற்புக் குழுவில் காவல்துறை அன்பர் ஒருவரும் இருக்கிறார். 2006இல் சென்னைக் காவல் நிலையம் ஒன்றில் திரும்பத் திரும்ப வதைபட்ட திருநங்கை ஒருவர் தீக்குளித்து இறந்ததும், அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதும் ஊரறிந்த வழக்கு. ஊரறிந்ததை மறுபடியும் சொன்னால் ‘கூறியது கூறல்’ என்று நன்னூலார் கோபித்துக்கொள்வார்.

இரண்டு. கூவாகம் திருவிழா கட்டாயம். சித்திரைப் பௌர்ணமி, அரவான், தாலி, மறுநாள் உடையும் வளையல், வெள்ளைப் புடவை. இதைவிட நல்ல படிமம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குழுவில் இருக்கும் ஆண் கவிஞர்கள் ஆளுக்கொன்று எழுதிவிட்டோம். ஆண்டின் மற்ற நாட்களில் அந்த மணப்பெண்கள் எங்கே தூங்குகிறார்கள், எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்கிறது, முன்பணம் எத்தனை மடங்கு என்பதெல்லாம் படிமத்துக்குள் அடங்காத விஷயங்கள். விட்டுவிடுங்கள்.

மூன்று. சட்டப் பிரிவு எண்கள் வேண்டாம், சந்தம் கெடும். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் நிறைவேறியது. மக்களவையில் ஆகஸ்ட் 5: மாநிலங்களவையில் காஷ்மீரின் 370ஆம் பிரிவு கதை முடிந்துகொண்டிருந்த அதே நாள். நாடே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மாநிலங்களவையில் நவம்பர் 26: அரசியல் சாசன நாள். தேதி குறித்தவருக்கு எங்களைவிட நகைச்சுவை உணர்வு அதிகம். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, திருநரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று எழுதியது. பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. இது வெறும் கழித்தல் கணக்கு. இதில் கவிதை எங்கே இருக்கிறது? சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ இருக்கிறது. யாருக்கு என்று கேட்பது குதர்க்கம்.

அதேபோல, ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டு வா என்று வற்புறுத்தக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பணிகள் ஆணைய (நல்சா) வழக்கில் தீர்ப்பளித்ததும், ஐந்தே ஆண்டில் அந்தச் சட்டம் தங்களை மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழுக்கு அனுப்பியதும் மேடையில் வர வேண்டாம். ‘ஆண்’ என்று எங்களில் யாரும் கலெக்டரிடம் சான்று வாங்கியதில்லை. அந்த அனுபவம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நான்கு. இடஒதுக்கீடு பற்றி மூச்சு விடாதீர்கள். மேடையில் எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பொது என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு சதவீதம், அதாவது கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறீர்கள். தமிழ்நாடு 2015இல் அரசாணை போட்டுத் தங்களை மொத்தமாக மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்தவர் தலித்தாகப் போட்டியிடுவதா, திருநங்கையாகப் போட்டியிடுவதா என்று தானே முடிவுசெய்துகொள்ளட்டும். ஒரே ஆள் இரண்டுமாக இருந்தால் அரசுக்கு நிர்வாகச் சிக்கல். கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் அந்த ஒரு சதவீதத்தைக் கொடுத்துவிட்டதே என்பீர்கள். காவிரியிலேயே அவர்களோடு ஒத்துப்போகாத நாங்கள் இதில் மட்டும் ஒத்துப்போவோமா? 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலினத்தைச் சாதிபோல நடத்தாதீர்கள் என்று அந்த அரசாணையையே ரத்து செய்ததே என்பீர்கள். நீதிமன்றம் சொன்னது நீதிமன்றத்தோடு இருக்கட்டும். சால்வைக்குச் சொல்லியாகிவிட்டது. ஜரிகை வைத்தது.

ஐந்து. சாதனையாளர்களைப் பற்றித் தாராளமாகப் பாடலாம். நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது எங்களுக்கே கிடைத்தது போல. பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் ஆனதும் எங்களுக்குப் பெருமை. 2015இல் அவர் உயர் நீதிமன்றப் படியேறித்தான் அந்த வேலைக்குப் போக முடிந்தது என்பதையும், படியேற வைத்தது யார் என்பதையும் சொன்னால் பாட்டு நீண்டுவிடும். ஒருவர் ஜெயித்தால் போதும். தோற்ற மற்ற எல்லோரும் முயற்சி செய்யாதவர்கள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்துகொள்வோம்.

ஆறு. வாசிப்புக்குப் பின் கலந்துரையாடல். கேள்விகள் கவிதையைப் பற்றி இருக்காது. ஆபரேஷன் எப்போது, எங்கே, வலித்ததா, கல்யாணம் உண்டா என்றுதான் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். கல்கி சுப்ரமணியத்தின் கவிதைத் தொகுப்பை மட்டும் மேசையில் வைக்காதீர்கள். ‘குறி அறுத்தேன்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. குடும்பத்தோடு வருகிற இடம். அதையே நாங்கள் மைக்கில் கேட்டால் அறிவுத் தேடல், நீங்கள் தலைப்பாக வைத்தால் ஆபாசம்.

ஏழு. சிறப்பு விருந்தினராக நடிகர் ஒருவரை அழைக்க முயல்கிறோம். திருநங்கை வேடத்துக்கு இந்த நாடு குறைவில்லாமல் விருது கொடுக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு கன்னடத்தில் ‘நானு அவனல்ல அவளு’ என்று படமானபோது, நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது. ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் ஷில்பாவுக்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது. இருவரும் நல்ல நடிகர்கள். ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் கதவும் திறந்தது. வேடம் போடாதவருக்கு என்ன என்று கேட்காதீர்கள். மாநில அரசு ‘சிறந்த திருநங்கை’ என்று ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாயும் சான்றும் தருகிறது. ‘சிறந்த ஆண்’ என்று எங்களில் ஒருவருக்கும் விருது இல்லை; போட்டிக்கு ஆள் கிடைக்காது என்ற பயம்தான். 2015இல் ‘ஐ’ படத்தின் கேலிக் காட்சியை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராடியதையும் இழுக்காதீர்கள். அந்தக் காட்சிக்குச் சிரித்தவர்களும் தங்கள் கவிதைக்கு அழப்போகிறவர்களும் ஒரே ஆட்கள். அவர்களை நம்பித்தான் நாங்கள் மண்டபம் பிடிக்கிறோம்.

எட்டு. பேராசிரியர் ஒருவர் நாற்பது நிமிடம் மரபைப் பற்றி உரையாற்றுவார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடி உருவில் ஆடும் ‘பேடு’ம் ஒன்று, ஆகவே தமிழன் அன்றே மதித்தான் என்பது அவர் முடிவு. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடையைப் பார்த்துக் கேலிசெய்து, எட்டாம் வகுப்போடு துரத்தியது எந்தத் தமிழன் என்று குறுக்கே கேட்காதீர்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி, படபடப்பு ஆகாது.

ஒன்பது. நிலா, மழை, காதல், மரணம் ஆகிய தலைப்புகள் வேறு அமர்வுக்குப் போய்விட்டன. அவற்றைக் கவிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பத்து. சன்மானம் கேட்டிருந்தீர்கள். நடிகரின் விமானக் கட்டணத்தில் பட்ஜெட் முடிந்துவிட்டது. தவிர, கவிதைக்குக் கூலி கேட்பது கலைமகளுக்கு அடுக்காது. ஆதரவில்லாத, நாற்பது வயது கடந்த திருநங்கைக்கு அரசே மாதம் 1,500 ரூபாய் தருகிறதே. நாற்பது வரைக்கும் உயிரோடு இருக்கும் பொறுப்பு மட்டும்தான் தங்களுடையது. விழா முடிய இரவு பதினொன்று ஆகும். லாட்ஜில் அறை கேட்டோம். தங்கள் பெயரைச் சொன்னதும் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. பஸ் ஸ்டாண்டில் விளக்கு நன்றாக எரிகிறது, போலீஸ் ரோந்தும் உண்டு. அவர்கள் விசாரித்தால் கவிதை வாசிக்க வந்தேன் என்று சொல்லிப் பாருங்கள்.

என்றும் தங்கள் தோழமையில்,
விழாக் குழுவினர்

பி.கு.: மண்டபத்தில் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு கழிப்பறைகள்தான். தண்ணீர் அதிகம் குடிக்காமல் வரவும்.

குழு என் கற்பனை. சட்டப் பிரிவும் தேதியும் அரசாணையும் விருதும் கற்பனை இல்லை. ஒரு கடிதத்துக்குள் அடுக்கிவைத்தால் கேலிபோலத் தெரிகிற இவற்றைத்தான் இந்த நாடு தனித்தனியாக, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் செய்து முடித்திருக்கிறது.

தாம்பரம் மின்சார ரயிலில் ஒரு திருநங்கை கைதட்டிக்கொண்டு வந்தால் நாம் செல்போனுக்குள் புகுந்துகொள்கிறோம். தப்ப முடியாவிட்டால் பத்து ரூபாயை விரல் படாமல் நீட்டுகிறோம். அதே பெண் மேடையேறிக் கவிதை வாசித்தால் நாம் கைதட்டுகிறோம். ரயிலில் அவர் தட்டியது வயிற்றுக்கு. மண்டபத்தில் நாம் தட்டுவது எதற்கு? பாவம் கழிந்தது என்று நமக்கு நாமே கிழித்துக்கொள்ளும் ரசீது அது. ரயில் டிக்கெட்டைவிட மலிவு.

அவர்கள் ஆசைப்பட்டா கவிதைக்கு வந்தார்கள்? முதலில் மனுதான் எழுதிப் பார்த்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், பாலினம், நிரந்தர முகவரி. பள்ளிச் சான்றிதழில் இருப்பது வேறு பெயர். தகப்பனார் துரத்திவிட்டார். பாலினத்துக்கு இரண்டே கட்டம். முகவரிக்கு எந்த வீட்டுக்காரரும் ஒப்பந்தம் போடவில்லை. நான்கு வரியில் மனு தள்ளுபடி. கவிதைக்கு அப்படிக் கட்டம் கிடையாது. காவல் நிலையத்தில் வாங்காத புகார், கோர்ட்டில் எடுபடாத சாட்சி, சட்டமன்றத்தில் ஒலிக்காத கோரிக்கை எல்லாம் அதற்குள் வந்து இறங்கின. வேறு எங்கும் பதியாத முதல் தகவல் அறிக்கை அது. எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு “படிமம் அருமை, இரண்டாம் பத்தியில் கொஞ்சம் கோஷம் தூக்கல்” என்று கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுக்கும் இன்ஸ்பெக்டரை என்னவென்று சொல்வீர்கள்? நம் விமர்சகர்கள் இருபது வருடமாக அந்த ஸ்டேஷனில்தான் டியூட்டி பார்க்கிறார்கள்.

எழுத்தும் போராட்டமும் இவர்களுக்கு வேறுவேறாக இருந்ததே இல்லை. ரேவதி ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தார். வித்யா 2007இல் ‘நான் வித்யா’ எழுதினார். பிரியா பாபு மதுரையில் திருநர் ஆவண மையம் நடத்துகிறார். கல்கி கவிதையும் எழுதினார், ஓவியமும் தீட்டினார், ‘சகோதரி’ அமைப்பையும் கட்டினார். கிரேஸ் பானு சாதியை ஒரு பக்கமும் பாலினத்தை ஒரு பக்கமும் பிரித்துவைத்துப் பேச மறுத்து, கிடைமட்ட இடஒதுக்கீட்டைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் கோரிக்கையாக்கினார். மலையாளத்தில் விஜயராஜமல்லிகா ஊடுபால் (இன்டர்செக்ஸ்) குழந்தைக்கென்று ஒரு தாலாட்டு எழுதினார். ஊடுபாலாகப் பிறந்த பச்சைக் குழந்தையைக் கத்தி வைத்துச் ‘சரிசெய்யும்’ வழக்கத்தை 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் தடை ஆணை போட்டது. தாலாட்டும் அரசாணையும் காப்பாற்ற நினைத்தது ஒரே குழந்தையைத்தான். தாலாட்டு அரசியலாகுமா என்று கேட்கும் பண்டிதர்கள் அந்தக் குழந்தையின் தொட்டில் பக்கம் போய்க் கேட்கட்டும்.

கைதட்டல் என்ன செய்யும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. 2015 ஏப்ரல் 24இல் எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஒரு சபையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா. அத்தனை கட்சியும் பாராட்டியது, அத்தனை மனமும் உருகியது. மக்களவைக்குப் போன மசோதா அங்கேயே செத்தது. பிறகு அரசாங்கம் தானாக ஒன்று எழுதியது. 2016இல் வந்த அந்த மசோதா, திருநர் என்றால் முழு ஆணும் இல்லை, முழுப் பெண்ணும் இல்லை என்கிற தோரணையில் வரையறை சொன்னது. அவர்களைப் பிச்சையெடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கி, கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைக்கும் திருநங்கை ஜமாத்துகளின் கழுத்தில் கைவைத்தது. வேலையும் தர மாட்டோம், கை நீட்டினால் அதையும் குற்றமாக்குவோம். இதற்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. நாடு முழுக்கத் திருநர் வீதிக்கு வந்தார்கள். 2019 சட்டத்தில் அந்த வரையறையும் இல்லை, அந்தப் பிச்சைப் பிரிவும் இல்லை. சபையின் உருக்கம் சாதிக்காததைத் தெருவின் கோபம் சாதித்தது. அதனால்தான் நம் விழாக்களுக்குக் கோபம் ஆகாது. கண்ணீருக்கு டிஷ்யூ பேப்பர் போதும். கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ‘இதர’ என்ற கட்டத்தில் பதிவானார்கள். அவர்கள் கேட்பது நூறு நாற்காலியில் ஒன்று. அந்த ஒன்றைத் தர மனமில்லாத நாம் மேடையில் மட்டும் ஒரு நாற்காலி போடுகிறோம். அதுவும் ஓரத்தில், விருந்தினர் வந்தால் எழுந்திருக்கச் சொல்ல வசதியாக.

நம் கவியரங்குகளில் எவ்வளவு மோசமான கவிதைகளைப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்! தலைவரைச் சூரியன் என்றும் சுனாமி என்றும் பாடியவர்களிடம் யாராவது ‘ஆணாக இருப்பது எப்படி இருக்கிறது, வலித்ததா’ என்று கேட்டதுண்டா? மோசமாக எழுதுவது நமக்குப் பிறப்புரிமை. திருநங்கைக்கு அது இன்னும் வரவில்லை. அவர் எழுதினால் ஆவணம், அழுதால் இலக்கியம், கேட்டால் அரசியல்.

ஒரு சதவீதத்தை எழுதிக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்குங்கள். அப்புறம் அவர்கள் நிலாவைப் பற்றி எழுதட்டும், காதலைப் பற்றி எழுதட்டும், ஒன்றுமே இல்லாததைப் பற்றி எழுதட்டும். மோசமாக இருந்தால் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதுவரைக்கும் விமர்சிக்கவும் நமக்கு யோக்கியதை இல்லை, கைதட்டவும் இல்லை.